திரும்பு மாஸ்டரின் நாலு காலடி

ஒருவர் தவறான இடத்துக்கு மிகச் சரியாகப் போய்ச் சேர்ந்தால், அவர் போய்ச் சேர்ந்தாரா, இல்லையா?

இந்த மாதிரிக் கேள்விகளை நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசிப்பதுதான் வழக்கம். திரும்பு மாஸ்டர் இருபது வருஷம் இந்தக் கேள்வியின் மேலேயே ஓடினார். காலுக்குக் கீழே அப்படியொன்று கிடப்பது அவருக்குத் தெரியாது. தெரிய வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. கண்டுபிடித்துச் சொன்னது அவர் மனைவி. அவள் படித்தது தையல்.

மாஸ்டர் ஒரு டென்னிஸ் கிளப்பில் ஓட்டப் பயிற்சியாளர். டென்னிஸ் சொல்லித்தருவது அவர் வேலை இல்லை. மட்டையைப் பிடிப்பது, பந்தை அடிப்பது எல்லாவற்றையும் ஆட்டக்காரர்கள் வேறெங்காவது கற்றுக்கொண்டு வர வேண்டும். பந்து வரும் இடத்துக்குப் போவது எப்படி, அடித்துவிட்டு நடுவுக்கு வருவது எப்படி, இதையே இரண்டு மணி நேரம் செய்த பிறகும் வாயால் மூச்சு விடாமல் நிற்பது எப்படி என்பது மட்டும்தான் அவர் பொறுப்பு. பந்து அவருக்கு ஆகாது. எதிரே வந்தால் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்வார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்படிப்பட்டவர் டென்னிஸ் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு விசித்திரம். அந்தக் குறையையே ஒரு முறையாக மாற்றி, அதற்குச் சம்பளமும் வாங்கியது அதைவிடப் பெரிய விசித்திரம்.

"பந்த எதுக்குப் பாக்கறீங்க? அது தன்னால வரும். நீங்க போயிட்டீங்களா, அதச் சொல்லுங்க" என்பார்.

முறை இதுதான். பின்கோட்டின் நடுவில் சின்னதாக ஒரு குறி இருக்கும். அங்கே நிற்க வேண்டும். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் இரண்டு காலாலும் ஒரு சின்னக் குதி குதிக்க வேண்டும். எந்தப் பக்கம் போக நேர்ந்தாலும் உடம்பு தயாராக இருக்க அது. பிறகு காலைக் குறுக்கே போட்டு ஒன்று. நண்டு போலப் பக்கவாட்டில் இரண்டு, மூன்று. கடைசியாக நீட்டி நாலு. நாலாவது காலடி பக்கக்கோட்டின் மேல் விழ வேண்டும். விழுந்ததும் மாஸ்டர் "திரும்பு" என்பார். நாளொன்றுக்கு ஆயிரம் தடவை அதைச் சொல்லிச் சொல்லி, அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

வாரத்தில் ஒரு நாள் எல்லோருடைய கண்ணையும் துண்டால் கட்டிவிட்டு எண்ணுவார். ஆட்டக்காரர்கள் ஆறு பேரும் இருட்டில் நண்டு நடை நடப்பார்கள். துண்டை அவிழ்த்தால் பெருவிரல் கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி. நெட்டையோ குட்டையோ, எல்லோருக்கும் நாலுதான்.

வீட்டிலும் இதே கதை. கூடத்தில் இருந்த சாமான்களையெல்லாம் சுவரோரமாகத் தள்ளி நடுவைக் காலியாக வைத்திருந்தார். தண்ணீர் குடித்தாலும், செருப்பைக் கழற்றினாலும், கதவைத் திறந்து ஆளை உள்ளே விட்டாலும், உடனே நடுவுக்கு வந்து நின்றுகொள்வார். யாராவது பேச வாயெடுத்தால் சின்னதாக ஒரு குதி. வெளியாட்கள் பயந்துபோவார்கள். மனைவிக்குப் பழகிவிட்டது, ஆனாலும் விட மாட்டாள்.

"நான் இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள ஏங்க குதிக்கறீங்க?"

"நீ எந்தப் பக்கம் பேசுவியோ, யாருக்குத் தெரியும்."

கிளப்புக்கு ஒரே ஒரு கோர்ட். பக்கத்து மாவட்டக் கிளப்போடு வருஷத்துக்கு ஒரு கோப்பைப் போட்டி. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. மாஸ்டர் வந்த பிறகு இங்கே ஆடிய பத்துத் தடவையும் இவர்களே ஜெயித்தார்கள். அங்கே ஆடிய பத்துத் தடவையும் தோற்றார்கள். அலமாரியில் பத்துக் கோப்பைகள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷமாக நின்றன. நடுவில் வெறுமையாகத் தெரிகிறதே என்று செயலாளர் இடைவெளிகளில் பிளாஸ்டிக் பூச்சாடிகளை வைத்தார். ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி அவர். எதிலும் காலி இடம் அவருக்குப் பிடிக்காது.

வெளியில் ஏன் தோற்கிறோம் என்பதற்கு வருஷத்துக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போவதால் இடுப்பு சுருங்கிவிடுகிறது என்று ஒரு வருஷம் எல்லோரும் நின்றுகொண்டே போனார்கள். அடுத்த தடவை இங்கிருந்து குடிதண்ணீர் கேனில் போயிற்று. அதற்கடுத்த தடவை, உட்கார்ந்து பழகிய பெஞ்சையே பஸ் கூரையில் கட்டி எடுத்துப் போனார்கள். பெஞ்சும் பத்திரமாகத் திரும்பியது, தோல்வியும் கூடவே வந்தது. கிளப்பின் முதல் ஆட்டக்காரரான பல் டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்.

"எல்லாம் சரியாத்தான் போறேன் மாஸ்டர். பந்துதான் கொஞ்சம் தள்ளி வருது."

இங்கே வந்து ஆடுகிறவர்களுக்கு வேறு சங்கடம். அவர்கள் அடிக்கிற நல்ல பந்தெல்லாம் கோட்டைத் தாண்டி ஓரடிக்கு அப்பால் விழுந்தது. காற்றுதான் காரணம் என்றார்கள். ஒரு வருஷம் கம்பத்தில் ஒரு ரிப்பனைக் கட்டிப் பார்த்தார்கள். ரிப்பன் அசையவே இல்லை. அசையாத காற்று இன்னும் மோசமானது என்ற முடிவோடு ஊர் திரும்பினார்கள்.

இருபத்தோராம் வருஷம் வலையின் மேல் ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை நைந்துபோய் நூல் நூலாகத் தொங்கியது. புதிதாக ஒன்று தைக்க வேண்டும். மாஸ்டரின் மனைவி ஊரில் பெயர் பெற்ற தையற்காரி. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, பள்ளிச் சீருடை, டாக்டர் அறைத் திரை எல்லாம் அவள் கடையில்தான். ஒரு தடவை அளந்தால் போதும், மறுபடி பிரித்துத் தைத்ததாகச் சரித்திரம் இல்லை. செயலாளர் கான்வாஸ் துணியோடு கடைக்கு வந்தார்.

"கம்பத்துக்குக் கம்பம் நான் ஒரு தடவ வந்து அளந்துக்கறேன் சார்" என்றாள்.

"எதுக்கும்மா? புக்குல போட்டிருக்கு. நாப்பத்திரண்டு அடி. உலகம் பூரா அதே அளவுதான்."

"உலகத்துக்குத் தைக்கலையே சார். இந்தக் கம்பத்துக்குத்தானே தைக்கறோம்."

"இந்தக் கம்பமும் உலகத்துலதாம்மா இருக்கு."

இதற்கு மேல் வாதாட அவளுக்கு நேரமில்லை. நாற்பத்திரண்டு அடிக்கே தைத்தாள். கட்டிப் பார்த்தபோது இரண்டடி மிச்சம், கம்பத்துக்கு வெளியே நாக்கு மாதிரித் தொங்கியது. பழைய வலையை யாரோ ஒரு காலத்தில் கம்பத்தோடு முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்ததால், அதன் மிச்சம் முடிச்சுக்குள் போயிருந்தது. புதுப் பட்டைக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

செயலாளர் கோபப்படவில்லை. "போகட்டும்மா. வயசாச்சு, கண்ணு முன்ன மாதிரி இருக்குமா? கமிட்டியில ஒரு வார்த்த எழுதிட்டு வெட்டிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சேதி ஊருக்குள் நண்டு நடையில் வரவில்லை; நேராக ஓடி வந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரி நர்ஸம்மா, விரிப்பு இப்போதைக்கு வேண்டாமென்று ஆளனுப்பினாள். பத்து வருஷமாக அவளிடமே தைக்கும் பள்ளி ஆசிரியை, தோளை அளந்து முடித்ததும் அங்கேயே நின்றாள்.

"இன்னொரு தடவ அளந்துக்கங்க அக்கா. தப்பா நெனைக்காதீங்க."

அளந்தாள். அதே அளவுதான் வந்தது. ஆசிரியை டேப்பைத் தானும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தக் கடையில் அப்படி எட்டிப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

மறுநாள் மதியம், கோர்ட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கழுத்தில் இன்ச் டேப்போடு போனாள். தையற்காரர் டேப் ஐந்தடி. குனிந்து குனிந்து கம்பத்துக்குக் கம்பம் எட்டு முறை வைத்தாள். நாற்பது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரி, கம்பம்தான் இடம் மாறி நடப்பட்டிருக்கிறது என்று நினைத்தாள். கிளப் சுவரில் கோர்ட்டின் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதிலிருந்த எண்களையெல்லாம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து, முழங்காலில் தவழ்ந்து மற்றவற்றையும் அளந்தாள். நடுவிலிருந்து பக்கக்கோடு பதின்மூன்றரை இருக்க வேண்டும், பன்னிரண்டரை இருந்தது. வலையிலிருந்து பின்கோடு முப்பத்தொன்பது இருக்க வேண்டும், முப்பத்தெட்டு. கம்பத்தின் இரண்டடியும் நடுவிலிருந்து பக்கத்துக்கு ஓரடிதான். எங்கே டேப்பை வைத்தாலும் ஓரடி குறைவு.

இடத்துக்கு இடம் வேறு வேறு தப்பாக இருந்தால் அது கவனக்குறைவு. எல்லாம் ஒரே அளவு தப்பென்றால் தப்பு கோடு போட்ட டேப்பில். தையல் கற்ற காலத்தில் நுனி போன டேப்பை வைத்து ஆறு சட்டைக்குக் கழுத்தை இறுக்கித் தைத்தவள் அவள். இந்த வியாதி அவளுக்குத் தெரியும். நேரே சாமான் கொட்டகைக்குப் போனாள். கோடு போடும் பெயிண்ட் டப்பாக்களுக்கு மேல் ஓர் ஆணியில் இரும்பு டேப் தொங்கியது. எப்போதோ நுனி ஓரடிக்கு உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தை யாரோ அரத்தால் வழவழவென்று ராவி, கொக்கியைத் திரும்ப மாட்டியிருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. டேப் ஒன்றிலிருந்து தொடங்கியது.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கூடத்தின் நடுவில் நின்றார்.

"உங்க கோர்ட்டு, நடுவுலேர்ந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு அடி கம்மி" என்றாள்.

அவர் குதித்தார். ஆனால் அவள் சொல்லி முடித்த பிறகு குதித்தார். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் குதி பிந்தியது அதுதான் முதல் தடவை.

இரும்பு டேப்பையும் கையில் எழுதிய எண்களையும் காட்டினாள். விடிந்ததும் "வா" என்று கிளப்புக்குக் கூட்டிப்போனார். நடுக்குறியில் நின்று, தன் கண்ணைத் தானே துண்டால் கட்டிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. துண்டை அவிழ்த்தார். பெருவிரல் கோட்டின் மேல், மயிரிழை பிசகாமல் இருந்தது.

"சரியாத்தானே வந்திருக்கேன்?"

"நீங்க வந்தது சரி. கோடுதான் தப்பு."

"அப்ப இந்த இருபது வருஷம்?"

"அத நான் எந்த டேப்பால அளக்கறது?" என்றாள் அவள். பிறகு, அவர் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம கமிட்டி. நான் தப்பாத் தெச்சேன்னு எழுதப்போறாங்க. நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். உங்க வாயால வந்தா நல்லா இருக்கும்."

அவர் மூன்று நாள் வழக்கம்போலப் பயிற்சி கொடுத்தார். அவள் கடைக்கும் கிளப்புக்கும் நடுவில் ஒரு தெருதான். மிஷினை மிதித்துக்கொண்டே அவர் எண்ணுவதைக் கேட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, திரும்பு. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கோர்ட் தப்பென்று அவர் சொன்னால், வெளியூரில் பத்துத் தடவை எல்லோரையும் ஓரடி முன்னாலேயே நிறுத்தியது தான்தான் என்றும் சொன்னதாகிவிடும். உள்ளூர்க் கோப்பைகளும் கொஞ்சம் இளைத்துவிடும். அப்படியொரு வார்த்தையைக் கேட்டு வாங்க ஒரு மனைவிக்கு என்ன பாத்தியதை என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆசிரியை டேப்பை எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்ததும் மறுபடி மிதித்தாள்.

ஞாயிறன்று கோப்பை அலமாரிக்குக் கீழே ஏழு பேர் கமிட்டி கூடியது. மாஸ்டர் ஓரமாக நின்றார், அவர் நடுவை விட்டு நிற்பது அபூர்வம். அவள் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். இரும்பு டேப் அவள் பையில் இருந்தது. செயலாளர் வாசித்தார்: தையலில் நேர்ந்த பிழையால் பட்டை இரண்டடி கூடிவிட்டது, அதை வெட்டிக்கொள்வது, தைத்தவர்மேல் கிளப்புக்கு வருத்தம் எதுவும் இல்லை.

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா? ஒரு சம்பிரதாயத்துக்கு மாஸ்டரையும் கேட்டுக்கலாம். நம்ம கோர்ட்ட கண்ணக் கட்டிக்கிட்டே அளக்கறவரு. என்ன மாஸ்டர், கோர்ட்டு சரிதானே?"

அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் சின்னதாகக் குதித்தார்.

"கோர்ட்டு தப்பு" என்றார். "பட்டை சரி."

செயலாளர் பேனாவை மூடினார். திரும்பத் திறந்தார். அவள் எழுந்து இரும்பு டேப்பை மேஜைமேல் வைத்தாள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அது போயிற்று. பத்துக் கோப்பை வாங்கிக்கொடுத்த கோர்ட் எப்படித் தப்பாக இருக்க முடியும் என்று ஒருவர் கேட்டார். மற்ற கிளப்புகளுக்கெல்லாம் எழுதி அவர்கள் கோர்ட்டைத் திருத்திக்கொள்ளச் சொல்லலாமே என்றார் இன்னொருவர். அது வேடிக்கைப் பேச்சில்லை, எழுதவே சொன்னார். இதற்குள் செயலாளர் சுவரோரம் நின்று டேப்பால் தன்னையே அளந்து பார்த்தார். ஆறடி ஏழு அங்குலம். "அடேயப்பா" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு கூட்டம் கொஞ்ச நேரம் நடக்கவில்லை. மற்றவர்களும் வரிசையாக வந்து அளந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் ஓரடி வளர்ந்த திருப்தியோடு போய் உட்கார்ந்தார்கள்.

கமிட்டியில் இருந்த பல் டாக்டர் மட்டும் அளக்கவில்லை.

"அப்ப அங்க பந்து தள்ளி வரல மாஸ்டர். நான்தான் கிட்டயே நின்னுட்டேன்."

"ஆமா டாக்டர்."

"நின்ன எடத்துல அவ்வளவு கச்சிதமா நின்னேனே."

"ஆமா டாக்டர்."

கம்பத்தை நகர்த்தி, கோடுகளை அழித்துப் புதிதாகப் போடுவது என்று முடிவாயிற்று. தையலில் பிழையில்லை என்றும் எழுதினார்கள். செயலாளரே கடைக்கு வந்து அதை வாசித்துக் காட்டினார். மறுநாள் நர்ஸம்மா ஆளனுப்பவில்லை, தானே வந்தாள்; விரிப்புகளுக்கு அளவு சொல்லிவிட்டு, டேப்பைப் பார்க்காமல் போனாள்.

பெயிண்ட் காய நாலு நாள் பிடித்தது. அந்த நாலு நாளும் மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோர்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. புது எண்ணிக்கை என்ன வரும் என்று ஆட்டக்காரர்களுக்குள் பேச்சு. ஐந்து என்றார் ஒருவர். நாலரை என்றார் இன்னொருவர். அரையை எப்படிக் கத்துவது என்று மற்றவர்கள் கேட்டார்கள். முதல் காலடியை நீட்டிவிட்டால் நாலே போதும் என்றார் பல் டாக்டர். கோப்பைப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம். இந்தத் தடவை இங்கே.

முதல் நாள் காலையில் பட்டையைக் கட்ட அவளும் வந்திருந்தாள். நாற்பத்திரண்டு அடி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விறைப்பாக நின்றது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, ஆறு பேரும் நடுக்குறியில் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருந்தார்கள். மாஸ்டர் வாயில் விசிலை வைத்து எடுத்தார். பல் டாக்டர் குதித்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

பழைய தாளம்தான், கொஞ்சமும் மாறவில்லை. டாக்டரின் காலும் பழைய இடத்தில் போய் நின்றது. புதுக் கோடு ஓரடி தள்ளி, ஈரம் போல மின்னிக்கொண்டு கிடந்தது.

"மாஸ்டர், இன்னும் ஒரு அடி இருக்கு."

"தெரியுது."

"அதுக்கு என்ன எண்ணணும்?"

மாஸ்டர் கோட்டைப் பார்த்தார். டாக்டரின் காலைப் பார்த்தார். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற தன் மனைவியைப் பார்த்த மாதிரியும் இருந்தது. அவள் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"திரும்பு" என்றார்.

அன்றைக்கு ஆறு பேருக்கும் அதே நாலுதான். அடுத்த நாளும் அதுதான். சிலர் மூன்றாவது காலடியை நீட்டினார்கள், சிலர் நாலுக்குப் பிறகு சத்தமில்லாமல் ஒன்று வைத்தார்கள், ஒருவர் உடம்பைச் சாய்த்து மட்டையால் எட்டிக்கொண்டார். மாஸ்டர் யாரையும் திருத்தவில்லை, யாரையும் சரி என்றும் சொல்லவில்லை. வறட்டுப் பிடிவாதம் என்றார் செயலாளர். இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்றார் டாக்டர். என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை. அவள் ஒரே ஒரு தடவை, அவர் சட்டையில் தைத்த பித்தானைச் சரி பார்த்துக்கொண்டே, "ஒண்ணு கூட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனார். இன்னும் ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தார். நாலுக்கு மேல் எண்ணவில்லை.